மண்வளைச் சிலந்திக்கும் ஒரு பெயர் வேண்டும்

மீள்குடியேறிய காணியில் பற்றை வெட்டும்போது மண்வளையிலிருந்து உள்ளங்கையளவு மயிரடர்ந்த சிலந்தி வெளியே வந்தால், “புலிமுகச் சிலந்தி” என்ற கூச்சல்தான் முதலில் எழும். அடுத்த அடி மண்வெட்டியால் விழும். சம்பூரானாலும் தென்னமரவாடியானாலும் பெரிய சிலந்தி எல்லாவற்றுக்கும் நாங்கள் வைத்திருப்பது இந்த ஒரே பெயர்தான். அதற்குள் வெவ்வேறு கூட்டங்கள் அடங்கியிருக்கின்றன.

ஆங்கிலத்தில் டரன்டுலா எனப்படும் இவை தெரபோசிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. வீட்டுச் சிலந்தியின் நச்சுப்பற்கள் குறடு போல ஒன்றையொன்று நோக்கி மூடும். இவற்றின் பற்களோ பிக்காசு போல மேலிருந்து கீழே இறங்கும். மூச்சுவிட இரண்டு சோடி ஏட்டு நுரையீரல்கள் உண்டு.

இலங்கையில் இந்தக் குடும்பத்தின் மரவாசிகள் பொசிலோதீரியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. மரப்பொந்துகளில் வாழும் இவற்றின் கால்களில் மஞ்சளும் கறுப்புமாக வடிவங்கள் தெரியும். கைலோபிராக்கிஸ் பேரினம் மண்ணில் வளை தோண்டி, உள்ளே நூல் பூசி வாழ்வது. பெரும்பாலும் மண்ணிறமான இதன் வாயுறுப்புகளில், ஒன்றோடொன்று உரசி ஒலி எழுப்பும் மயிர்கள் உள்ளன. வகைப்படுத்துவோர் முதலில் தேடும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

உறவினர்களான சரசின் இருவர் இலங்கையில் சேகரித்த சிலந்திகளை ஆராய்ந்த ஜேர்மனியரான பெர்டினாண்ட் கார்ஷ், 1892 இல் கைலோபிராக்கிஸ் நைட்டலஸ் என்ற இனத்தை விவரித்தார். அந்தப் பேரினத்தில் இலங்கையின் அடுத்த இனம் 2019 இல்தான் பதிவானது, அதுவும் தென்மேற்கிலிருந்து. இடைவெளி நூறு ஆண்டுகளுக்கும் மேல்.

வடக்கிலும் கிழக்கிலும் அந்த இடைவெளிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏறத்தாழ முப்பது ஆண்டு யுத்தத்தில் காடு என்றால் முன்னரங்கு, கண்ணிவெடி, இடப்பெயர்வு. ஆய்வாளர் எவரும் இரவில் ரோர்ச் லைற்றோடு அங்கே நடக்க முடியாது. 2009 இல் மாங்குளத்தில் ஊரவர் ஒருவர் செத்த சிலந்தி ஒன்றை ஆய்வுக் குழுவிடம் கொடுத்தார். அதிலிருந்து தொடங்கிய தேடல், 2012 இல் பொசிலோதீரியா ராஜேய் என்ற புதிய இனத்தில் முடிந்தது. குழுவுக்கு உதவிய பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரே அதற்கு இடப்பட்டது. அது மரவாசி. பழைய மரங்களில் மட்டுமல்ல, மாங்குளம் வைத்தியசாலையின் பழைய விடுதியிலும் அது காணப்பட்டது.

மண்வளைச் சிலந்தியை இனங்காண்பது இன்னும் கடினம். பெண் சிலந்தி ஆண்டுக்கணக்காக வளையை விட்டு அதிகம் விலகாது. இணை தேடி அலையும் ஆண் நெடுநாள் வாழாது. நிறத்தை மட்டும் பார்த்து இனத்தைச் சொல்ல முடியாது. முதிர்ந்த பெண்ணின் விந்துப்பையையும், ஆணின் உணர்காலின் நுனியில் உள்ள குமிழையும் நுணுக்குக்காட்டியில் ஒப்பிட வேண்டும்.

பெயர் எதற்கு என்று கேட்கலாம். 2019 இல் சைற்றிஸ் உடன்படிக்கை பொசிலோதீரியா பேரினம் முழுவதையும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. வளர்ப்புச் சந்தைக்காக அவற்றை அனுமதியின்றி நாடு கடத்துவது இப்போது சர்வதேச விதியை மீறுவதாகும். அந்தப் பாதுகாப்பு பெயரைப் பற்றிக்கொண்டே வந்தது. கைலோபிராக்கிஸ் அந்தத் தீர்மானத்தில் இல்லை. பெயரே இல்லாத இனத்தைப் பட்டியலில் சேர்க்கவும் வழியில்லை.

பயம் பொய்யானதல்ல. மரவாசிகள் கடித்தால் கடும் வலியும் வீக்கமும் தசைப்பிடிப்பும் வரும். கடிபட்ட இடத்தைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. சவர்க்காரமிட்டுக் கழுவி, வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஆனால் கை வைக்காதவரைத் தேடிவந்து கடிக்கும் பிராணி அல்ல இது.

அடுத்தமுறை வளை கண்டால் கையை விடாதீர்கள், மண்வெட்டியையும் ஓங்காதீர்கள். எட்ட நின்று படம் எடுத்து, ஊரையும் திகதியையும் மரமா மண்ணா என்பதையும் குறித்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை போன்ற ஓரிடத்துக்கு அறிவியுங்கள். இனத்தை முடிவுசெய்ய அந்தப் படம் போதாது. எங்கே தேடுவது என்பதை அது சொல்லும். மாங்குளத்தில் ஓர் ஊரவர் செய்ததும் அதைத்தான்.