நாளுக்கு 200 ரூபாய்

மேற்கு தாம்பரம் சண்முகம் சாலை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் தண்டல்காரர் வண்டியை நிறுத்துவார். கடைக்காரர் கல்லாவைத் திறந்து 200 ரூபாய் எடுத்து நீட்டுவார், அட்டையில் ஒரு கட்டம் நிரம்பும். 20,000 ரூபாய் தண்டல் கடனில் முன்பிடித்தம் 3,000 போகக் கைக்கு வருவது 17,000. நாளுக்கு 200 வீதம் 100 நாள் கட்டவேண்டும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தையே தாண்டிவிடுகிறது.

இதே கடைக்காரரைக் கேட்டால் வரிதான் பெரிய கவலை என்பார். சேலையூரில் நாளுக்கு 16,000 ரூபாய் ஓடும் மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். 360 நாளில் 57,60,000. இதில் 40 லட்சம் யுபிஐ வழியாக வந்தால் அதற்கு 6 சதவீதம், மீதி ரொக்கத்துக்கு 8 சதவீதம் என்று உத்தேச லாபம் காட்டலாம்: 2,40,000 + 1,40,800 = 3,80,800. உண்மையான லாபம் அதிகம் என்றால் அதைத்தான் காட்டவேண்டும். அப்படிக் காட்டினாலும் 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி கிடையாது. குறைத்துக் காட்டினால் நஷ்டம் அவருக்கே. வீட்டுக் கடன் கேட்டுப் போனால் வங்கி பார்ப்பது அந்த ரிட்டர்னைத்தான்.

சரக்கு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டியதால் ஜிஎஸ்டி பதிவு உண்டு. காம்போசிஷன் முறையில், வரிக்குரிய சரக்கு பாதி என்றால் 28,80,000-க்கு 1 சதவீதம், 28,800 ரூபாய். அவ்வளவுதான்.

வரி இல்லை என்றானதும், வரிச் சலுகைக்காக மார்ச் மாதம் கட்டும் சேமிப்பும் பலருக்கு நின்றுபோகிறது. எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகக் கம்பெனியில் 15,000 அடிப்படைச் சம்பளக்காரருக்கு பிஎஃப்புக்காக மாதம் 1,800 பிடிக்கிறார்கள். நிர்வாகமும் 1,800 போடுகிறது. பழைய ரயில்வே, விமானப்படைக்காரர்கள் பென்ஷன் வாங்கும் ஊர் இது. அவர்களுக்கெல்லாம் பருப்பு நிறுத்துக் கொடுப்பவருக்குப் பிஎஃப் போட யாரும் இல்லை. அடல் பென்ஷனில் சேரலாம் என்றால் 40 வயதோடு கதவு மூடிவிடும்.

வயது 45 ஆனவருக்கு பிபிஎஃப் இருக்கிறது. தண்டலுக்குக் கொடுத்த அதே 200 ரூபாயை மாதம் 25 நாள் எடுத்துவைத்தால் 5,000. ஆண்டுக்கு 60,000, 15 ஆண்டில் 9 லட்சம். 2020 ஏப்ரலிலிருந்து இருக்கும் 7.1 சதவீதம் நீடித்தால் கைக்கு வருவது சுமார் 15,77,000. வட்டிக்கு வரி இல்லை. வியாபாரிக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. கடன்காரர் கோர்ட்டுக்குப் போனாலும் இந்தக் கணக்கை ஜப்தி செய்யமுடியாது. தொழிலில் ஒருமுறை கைசுட்டவருக்கு இதன் அருமை தெரியும்.

அறுபதைத் தாண்டியதும் அதில் 15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்பில் போட்டால், இன்றைய 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750. மாதத்துக்கு 10,250 ரூபாய்.

ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். பிபிஎஃப் பணத்தை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். 6-ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாத வட்டி சேராது.