இறாலுக்குத் தடுப்பூசி போட்டது யார்?

நம் மதுரையில் வைகை உண்டு, கடல் இல்லை. ஆனாலும் ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் வரும் வெள்ளை இறாலைப் பார்த்திருப்பீர்கள். அது எப்படி நோயில்லாமல் வாழ்கிறது என்று யோசித்ததுண்டா?

ஒரே ஒரு சொட்டுக் கடல் நீரில் ஆயிரக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அதற்குள்தான் இறாலின் வாழ்க்கை. நம் உடம்பில் 'எதிர்ப்பொருள்' என்ற காவல்படை இருக்கிறது. ஒரு முறை வந்த கிருமியை நினைவில் வைத்து, மறுமுறை வந்தால் விரட்டும். தடுப்பூசி வேலை செய்வதும் இதனால்தான். இறாலுக்கோ அந்தப் படையே கிடையாது!

அதற்குப் பதில், அதன் ரத்த அணுக்களில் 'பெப்டைடு' என்ற பொருள் தயாராக இருக்கிறது. புரதம் என்பது பத்து முழ மல்லிகைச் சரம் என்றால், பெப்டைடு ஒரு சாண் சரம். பூக்களுக்குப் பதில் அமினோ அமிலங்கள், அவ்வளவுதான். கிருமியைக் கொல்லும் பெப்டைடுகளில் பெரும்பாலானவை நேர் மின்னூட்டம் கொண்டவை. பாக்டீரியாவின் மேலுறைக்கு எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்களே! பெப்டைடு போய் ஒட்டிக்கொண்டு உறையில் ஓட்டை போடும். தண்ணீர்ப் பாக்கெட்டில் ஊசி குத்தினால் என்ன ஆகும்? அதே கதைதான்.

1988-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களில் 'டாக்கிபிளசின்' என்ற பெப்டைடைக் கண்டார்கள். அதில் அமினோ அமிலங்கள் 17 மட்டுமே! (பெயர்தான் நண்டு, சிலந்திக்கும் தேளுக்கும்தான் அது சொந்தம். ரத்தம் நீல நிறம். இதன் உறவினம் நம் ஒடிசாக் கடற்கரையில் உண்டு.) நம் வெள்ளை இறாலில் இருக்கும் 'கிரஸ்டின்' வகைப் பெப்டைடு ஒன்றைப் பற்றி, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் எழுதினார்கள்.

இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி? 1928-ல் அலெக்சாண்டர் பிளெமிங் பென்சிலினைக் கண்டுபிடித்தார். அதன்பின் வந்த மருந்துகள் பலவற்றுக்கும் கிருமிகள் பழகிவிட்டன. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகில் 12 லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். டாக்டர் ஐந்து நாள் மாத்திரை கொடுத்தால், இரண்டே நாளில் நிறுத்திவிடும் வீரர்கள் கவனிக்க! மேலுறையையே மாற்றிக்கொண்டு பெப்டைடிடமிருந்து தப்புவது பாக்டீரியாவுக்கு அவ்வளவு எளிதல்ல. முடியவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை.

"அப்படியானால் தினமும் இறால் தொக்கு சாப்பிட்டால் போதுமே?" என்று கேட்பீர்கள். போதாது! சோற்றுப் பருப்பைப் போலவே பெப்டைடையும் வயிறு செரித்துவிடும். விஞ்ஞானிகளுக்கும் இதுதான் தலைவலி. சில பெப்டைடுகள் நம் ரத்தச் சிவப்பணுக்களையும் உடைத்துவிடுகின்றன. அதனால் விழுங்கும் மாத்திரையை விட, புண்ணில் தடவும் களிம்பாக்க முடியுமா என்று பல ஆய்வுக்கூடங்களில் முயன்று வருகிறார்கள்.