வேலைகளை வகுத்துக்கொள்ளும் முறை

மாணவ வாழ்வில் வேலைகள் பல. கட்டுரை எழுதவேண்டும், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவேண்டும், தேர்வுக் கட்டணம் செலுத்தவேண்டும், வீட்டு வேலைக்கும் கைகொடுக்கவேண்டும். இவற்றையெல்லாம் மனத்திலேயே சுமப்பவர்க்கு ஏதேனும் ஒன்று விட்டுப்போகும். தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாலும் பட்டியல் நீளுமே தவிர, வழி புலப்படாது. வகுத்து எழுதுவதே பயன் தரும்.

வகுத்தற்கலையில் உலகப் புகழ் பெற்ற தமிழர் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன். 1892-ல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். ஒரு நூலின் பொருளுக்குப் பல முகங்கள் உண்டு என்பதே 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையின் அடிப்படை. தமிழ்நாட்டு நெற்பயிர் நோய்களைப் பற்றிய நூலை எடுத்துக்கொள்வோம். பயிர் ஒரு முகம்; நோய் ஒரு முகம்; இடம் இன்னொரு முகம். இவற்றைத் தனித்தனியே பிரித்துக் குறியீடுகளால் இணைத்தார் அவர்.

நம் வேலைகளுக்கும் இரு முகங்கள் உண்டு: எதற்காக என்பது ஒன்று, எங்கே என்பது மற்றொன்று. முன்னதைத் திட்டம் என்றும், பின்னதைச் சூழல் என்றும் கூறலாம். அமெரிக்கரான டேவிட் ஆலன் 2001-ல் வெளியிட்ட நூலால் இப்பகுப்பு பலருக்கும் அறிமுகமாயிற்று.

நம் ஊர் மாணவர் ஒருவரின் நிலையைப் பார்ப்போம். "உதவித்தொகை பெறுதல்" என்பது ஒரு வேலை அன்று, அது திட்டம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தல், வங்கிப் பாஸ்புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்தல், துறைத்தலைவரிடம் கையொப்பம் பெறுதல் ஆகியவையே அதன் வேலைகள். கட்டுரைக்கான நூலைப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் பார்ப்பது வேறு திட்டம். தமக்கையின் பட்டச் சான்றிதழ் பற்றி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் விசாரிப்பது மூன்றாவது திட்டம். பின்னவை இரண்டும் "திருநெல்வேலிப் பக்கம்" என்ற ஒரே சூழலில் அடங்கும். 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தை இருமுறை செய்யவேண்டியதில்லை. விசைத்தறியில் பாடுபடும் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு வீண் பயணம் என்பது பேருந்துக் கட்டணத்தோடு ஒருநாள் கூலியும் போவதாகும்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முன்பக்கத்திலிருந்து திட்டத்திற்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தலைப்பருகே கடைசித் தேதியைக் குறிக்கவேண்டும். பின்பக்கத்திலிருந்து கல்லூரி, கடைத்தெரு, வங்கி, திருநெல்வேலி, வீடு என்று சூழல்களை எழுதவேண்டும். ஒவ்வொரு திட்டத்திலும் அடுத்துச் செய்யவேண்டியது எதுவோ அதை மட்டும் உரிய சூழலின்கீழ்ச் சேர்க்கவேண்டும். அது முடிந்ததும் அடித்துவிட்டு, அடுத்ததைச் சேர்க்கலாம்.

வெளியே கிளம்புமுன் பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும்; ஞாயிறுதோறும் முன்பக்கத்தைப் பார்க்கவேண்டும். சூழலை மட்டும் பார்ப்பவர் பல வேலைகளை முடிப்பார். ஆயினும் உதவித்தொகை விண்ணப்பம் அரைகுறையாகவே நிற்கக்கூடும். திட்டத்தை மட்டும் பார்ப்பவர் ஒரே இடத்துக்குப் பலமுறை அலைவார். இரண்டையும் பார்ப்பவருக்குக் கடைசித் தேதியும் தவறாது, கைப்பொருளும் வீணாகாது. மிஞ்சும் நேரம் படிப்புக்கு ஆகும்.