திருமலையில் எரிமலை உண்டா? பாறைகள் காட்டும் உண்மை

திருப்பதி: சேஷாசல மலைத்தொடரின் அடியில் எரிமலை எதுவும் உறங்கவில்லை. இந்தியாவில் செயல்பாட்டில் உள்ள ஒரே எரிமலை, வங்கக்கடலுக்கு அப்பால் அந்தமானின் பாரன் தீவில் உள்ளது. அங்கு மக்கள் வசிப்பதில்லை.

ஆயினும் சித்தூர் மண்ணுக்குப் பாறைக்குழம்பு அந்நியமன்று. சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஆழத்திலிருந்து எழுந்த குழம்பு கிரானைட் பாறையின் பிளவுகளில் புகுந்து இறுகியது. டோலரைட் எனப்படும் அந்தக் கருநிறப் பாறையே இன்று குவாரிகளில் வெட்டப்பட்டு, 'கருப்பு கிரானைட்' என்று விற்கப்படுகிறது. அது கிரானைட்டே அன்று. வணிகப் பெயர் நிலைத்துவிட்டது.

திருமலையின் மேற்பகுதி வேறு வகையைச் சேர்ந்தது. பழைய கிரானைட்டின் மீது, நீரில் படிந்த மணல் இறுகி உருவான குவார்ட்சைட் அடுக்குகள் அமர்ந்துள்ளன. வில்லியம் கிங் 1872-ல் வெளியிட்ட ஆய்வில் விவரித்த கடப்பா பாறைத் தொகுதியைச் சேர்ந்தவை இவை. இரண்டுக்கும் இடையே பல கோடி ஆண்டுகளின் பதிவே இல்லை. அந்த இடைவெளியைக் காட்டும் எல்லைக்கோட்டை மலைப்பாதையிலேயே காணலாம். அது தேசிய புவியியல் நினைவுச்சின்னமாகும். சுமார் 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட சிலாதோரணமும் இதே குவார்ட்சைட்டை மழையும் காற்றும் அரித்ததால் உருவானதுதான்.

வளைவைச் செதுக்கிய அதே அரிப்பே பக்தர்களுக்கு ஆபத்தாகவும் அமைகிறது. குவார்ட்சைட் மிகக் கடினமானது. ஆனால் செங்குத்தான விரிசல்கள் அதைப் பெரும் கட்டிகளாகப் பிரித்துள்ளன. விரிசலில் தேங்கும் மழைநீர் அழுத்தம் தருகிறது. மரவேர்கள் பிளவை அகலப்படுத்துகின்றன. 1944-ல் முதல் மலைப்பாதையும், 1974-ல் இரண்டாவது பாதையும் திறக்கப்பட்டன. சாலைக்காகச் சரிவை வெட்டும்போது, மேலுள்ள கட்டிகளின் அடித்தாங்கல் குறைவது தவிர்க்க இயலாதது.

2021 நவம்பரில் பெய்த கனமழை இதனை உணர்த்தியது. டிசம்பர் 1 அன்று இரண்டாவது மலைப்பாதையில் பெரும் பாறைகள் உருண்டு சாலையைச் சிதைத்தன. ஐஐடி வல்லுநர்கள் சரிவுகளை நேரில் ஆய்வு செய்தனர்.

எரிமலை வெடிப்பதற்கு முன் பெரும்பாலும் நில அதிர்வு, வாயு வெளியேற்றம் போன்ற அறிகுறிகள் தென்படும். பாறைச் சரிவு அத்தகைய அவகாசத்தை அரிதாகவே அளிக்கிறது. தளர்ந்த கட்டிகளை அகற்றுதல், இரும்புத் தண்டுகளால் பிணைத்தல், கம்பிவலை விரித்தல் ஆகியவை பயன் தரும். நீரை வடிப்பதே முதன்மையானது. மழை ஓய்ந்த பின்னரும் விரிசல்களில் நீர் தங்கியிருக்கும். எனவே வானம் தெளிந்துவிட்டது என்று பாறை முகப்பின் கீழ் வாகனத்தை நிறுத்திப் படம் எடுப்பது பாதுகாப்பானதன்று.