மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்கான சிகிச்சைத் தெரிவுகள்

முன்னுரை

மூக்கறைக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தை ஒட்டி அமைந்த பகுதி மூக்குத்தொண்டை ஆகும். இங்குத் தோன்றும் புற்றுநோய் தென்சீனத்தில் மிகுதி. இந்தியாவில் நாகாலாந்து, மணிப்பூர் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் கூடுதலாகவும் தமிழகத்தில் அரிதாகவும் காணப்படுகிறது. இதற்குரிய சிகிச்சை எவ்வாறு தெரிவுசெய்யப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நோயறிதல்

கழுத்தில் வலியற்ற கட்டி, ஒரு காதில் கேள்விக்குறைவு, மூக்கில் இரத்தக்கசிவு ஆகியன முதன்மை அறிகுறிகள். கழுத்துக் கட்டியை மட்டும் அறுத்தெடுத்து, அதன் மூலத்தைத் தேடாது விடுதல் பெரும்பிழை. அகநோக்கி வழி எடுக்கும் திசுவே நோயை உறுதிப்படுத்தும். பெரும்பாலான நோயாளரிடம் எப்ஸ்டீன்-பார் வைரஸின் தொடர்பு காணப்படுகிறது.

சிகிச்சை முறைகள்

இவ்விடம் அறுவைக்கு எளிதில் எட்டாதது. ஆனால் இப்புற்றுநோய் கதிர்வீச்சுக்கு நன்கு கட்டுப்படுவது. எனவே கதிர்வீச்சே முதற்சிகிச்சையாகிறது. வழக்கமான அளவு ஏறத்தாழ 70 கிரே. அது ஏழு வாரங்களில் பகுத்து அளிக்கப்படும். முதல் நிலையில் கதிர்வீச்சு மட்டுமே போதுமானது. முற்றிய நிலையில் அதனுடன் சிஸ்பிளாட்டின் மருந்து சேர்க்கப்படும். கதிர்வீச்சுக்கு முன் ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் இரண்டையும் அளித்தபோது, மூன்றாண்டு முடிவில் நோய் மீளாதிருந்தோர் 76.5 விழுக்காட்டிலிருந்து 85.3 விழுக்காடாக உயர்ந்தமையை 2019இல் வெளியான சீன ஆய்வு காட்டியது. பிற உறுப்புகளுக்குப் பரவிய நோய்க்கு இம்மருந்துகளோடு எதிர்ப்பாற்றல் மருந்தும் தரப்படுகிறது. அவ்வகையிலான டோரிபாலிமாப் 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே இடத்தில் நோய் மீளுமாயின், தகுதியுடையோர்க்கு அகநோக்கி அறுவையோ மறுகதிர்வீச்சோ பயன்படும்.

சென்னைச் சூழல்

அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. 1957இல் அங்குக் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி நிறுவப்பட்டது. 2019இல் தரமணியில் புரோட்டான் சிகிச்சை அறிமுகமாயிற்று. இன்று பரவலாக உள்ள செறிவு மாற்றக் கதிர்வீச்சு, உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பெரிதும் காத்து, வாய் வறட்சியைக் குறைக்கிறது. புரோட்டான் கதிர் கட்டிக்கு அப்பாலுள்ள திசுக்களை மேலும் காக்கவல்லது. ஆயினும் செலவு மிகுந்தது.

முடிவுரை

சிகிச்சையைத் தீர்மானிப்பது கருவியின் புதுமையன்று; நோயின் நிலையே. தொடங்கிய கதிர்வீச்சு இடையில் தடைப்பட்டால் நோய்க்கட்டுப்பாடு குறையும். ஆதலால் வெளியூர் நோயாளர் ஏழு வாரமும் சென்னையில் தங்குவதற்கான வழியும், தொடக்கத்திலேயே செய்யப்படும் பல் பரிசோதனையும், விழுங்குதல் குன்றும்போது தரப்படும் ஊட்ட உணவும் சிகிச்சையின் பகுதிகளாகவே கருதப்படல் வேண்டும்.