மலைமேல் இரண்டு கட்சி

சிட்னி மாநகருக்கு மேற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில், பாதர்ஸ்ட் என்னும் ஊரை ஒட்டி, மவுண்ட் பனோரமா என்றொரு சிறு மலை இருக்கிறது. அதன்மேல் ஏறி இறங்கி வளையமாகச் செல்லும் 6.213 கிலோமீட்டர் சாலையில், வருஷத்தின் பெரும்பாலான நாட்களில், அங்கே வீடு கட்டிக் குடியிருப்பவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும், மணிக்கு 60 கிலோமீட்டர் என்று சர்க்கார் விதித்த வேக வரம்புக்கு அடங்கிச் சாதுவாகப் போய் வந்துகொண்டிருப்பார்கள். அக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், 174 மீட்டர் உயரம் ஏறி அவ்வளவும் மறுபடி சரிகிற அந்தச் சாலையை 161 முறை சுற்றி, 1,000 கிலோமீட்டரைக் கடக்க வேண்டிய மோட்டார்ப் பந்தயம் அங்கே நடைபெறுகிறது. பார்க்க வருகிற ஜனங்களில் பலர் சில நாள் முன்னதாகவே வந்து மலையுச்சியில் கூடாரம் அடித்துத் தங்கிவிடுவது வழக்கம்; மதுபானத்துக்குப் போலீசார் அளவு விதித்த பிறகு, பல வாரங்களுக்கு முன்பே ஓசையின்றி வந்து பீர்ப் பெட்டிகளை மண்ணில் புதைத்துவிட்டுப் போகிற முன்யோசனைக்காரர்களைப் பற்றியும் அங்கே கதைகள் உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தக் கூட்டம் பெரும்பாலும் இரண்டு கார்க் கம்பெனிகளின் பெயரால் இரண்டே கட்சியாகப் பிரிந்து நின்றது. சிவப்பு அணிந்து சிங்கக் கொடி பிடித்தவர்கள் ஹோல்டன் கட்சி. நீலம் அணிந்தவர்கள் ஃபோர்டு கட்சி.

கார்ப் பந்தயங்களுள் ஃபார்முலா ஒன் முதலியவற்றில் ஓடுகிற, சக்கரங்கள் வெளியே துருத்தி நிற்கும் ஒற்றை ஆசன வண்டிகளை யாரும் கடையில் வாங்கிவிட முடியாது. ஆகையால், ஃபெராரி ஒன்றை விதிவிலக்காக ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அங்கே ரசிகனுடைய பக்தி ஓட்டுகிற வீரனைச் சார்ந்தே நிற்கிறது. பாதர்ஸ்டில் நடக்கிற டூரிங் கார் பந்தயம் என்பதோ, குடும்பத்தார் ஏறிச் செல்கிற சாதாரணக் காரையே, அல்லது அதன் உருவத்தைத் தாங்கிய வண்டியையே, களத்தில் இறக்குவது. மாதத் தவணை கட்டி வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிற காரின் உடன்பிறப்பு, அண்டை வீட்டுக்காரர் வாங்கியிருக்கிற காரின் உடன்பிறப்போடு மலைமேல் மோதுகிறது என்றால், தோற்றவன் வீட்டில் அன்றிரவு சாப்பாடு இறங்காததில் ஆச்சரியம் இல்லை.

ஹோல்டன், 1856-இல் அடிலெய்டு நகரில் குதிரைச் சேணம் செய்து விற்கும் கடையாகத் தொடங்கியது. பிற்காலத்தில் மோட்டார் வண்டிகளுக்கு மேற்கூடு கட்டிக் கொடுத்து வளர்ந்து, 1931-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குக் கைமாறியது. 1948 நவம்பர் 29 அன்று பிரதம மந்திரி பென் சிஃப்லி முதல் ஹோல்டன் காரை வெளியிட்டபோது, அது 'ஆஸ்திரேலியாவின் சொந்தக் கார்' என்று விளம்பரம் செய்யப்பட்டு, யுத்தம் முடிந்து நிமிர்ந்துகொண்டிருந்த தேசத்தின் கௌரவச் சின்னமாகவே ஆகிவிட்டது. ஃபோர்டு கம்பெனியோ 1925 முதலே ஜீலாங் நகரில் காலூன்றியிருந்தது. 1960-இல் ஃபால்கன் என்னும் காரைக் கொண்டுவந்து, ஹோல்டனுக்குச் சரியான போட்டியாக நின்றது. ஆக, இரண்டு ஸ்தாபனங்களுக்கும் எஜமானர்கள் இருந்தது அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்திலேதான். ஒரே ஆசாரியரைக் குருவாகக் கொண்டிருந்தும், கோவில் யானைக்கு எந்த நாமம் சாத்துவது என்று நியாயஸ்தலம் வரை சென்று வழக்காடிய வடகலையாரையும் தென்கலையாரையும் அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

இந்தப் பகைமையைத் திட்டமிட்டு வளர்த்தவை கம்பெனிகளே என்பதை மறைப்பதற்கில்லை. 1960-இல் ஃபிலிப் தீவில் தொடங்கி 1963-இல் பாதர்ஸ்டுக்கு வந்து சேர்ந்த இப்பந்தயத்தின் ஆதி விதி, பொதுமக்களுக்கு விற்கப்படுகிற கார்தான் களத்திலும் ஓட வேண்டும் என்பது. ஞாயிற்றுக்கிழமை ஜயித்தால் திங்கட்கிழமை விற்பனை என்பது வியாபாரிகளின் சித்தாந்தம். 1967-இல் ஃபோர்டு ஃபால்கன் ஜி.டி. வென்றது, மறு வருஷமே ஹோல்டன் மொனாரோவை இறக்கி வென்றது, அதற்கு மறுமொழியாக ஃபோர்டு ஜி.டி.எச்.ஓ. என்னும் அசுர பலம் படைத்த ஃபால்கனைச் செய்தது. இப்படி மாறி மாறி, பந்தயத்தில் ஜயிப்பதற்காகவே செய்த கார்கள் கடைகளுக்கும் தெருக்களுக்கும் வந்துகொண்டிருந்தபோது, 1972-இல் சிட்னிப் பத்திரிகை ஒன்று, மணிக்கு 160 மைல் வேகத்தில் பறக்கக்கூடிய கார்கள் விரைவில் எவருக்கும் கிடைக்கப்போகின்றன என்று முதற் பக்கத்தில் எழுதிவிட்டது. மந்திரிகள் கொதித்தெழுந்தார்கள், கம்பெனிகளும் அடுத்த காரைக் கைவிட்டன. அன்றிலிருந்து பந்தயக் காரும் கடைக் காரும் சிறிது சிறிதாகப் பிரியலாயின. ரசிகர்கள் மட்டும் பிரியவில்லை.

கட்சி மாறுவதும் முதலில் மேலிடத்திலேதான் நிகழ்ந்தது என்பது விநோதம். 1967-இல் ஃபோர்டுக்கு வெற்றி தேடித் தந்த ஹாரி ஃபர்த், 1969-இல் ஹோல்டன் அணியின் தலைவராக மலைக்கு வந்து, பழைய எஜமானர்களையே தோற்கடித்தார். பந்தயத்தில் நேரடியாக ஈடுபடலாகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தடை விதித்திருந்ததால், அவருடைய அணிக்கு 'ஹோல்டன் விற்பனையாளர் அணி' என்று பெயர் சூட்டினார்கள். காசு எங்கிருந்து வந்தது என்பது ஊரறிந்த ரகசியம். அந்த அணியில் அவர் சேர்த்துக்கொண்ட இளைஞர்தான் பீட்டர் பிராக். 1972-இல் டொரானா என்னும் சிறிய ஹோல்டனில், துணை ஓட்டுநர் இல்லாமல் தாம் ஒருவராகவே ஓட்டிப் பெரிய ஃபால்கன்களை வென்ற பிராக், பிற்பாடு மொத்தம் ஒன்பது முறை பாதர்ஸ்டில் ஜயித்தார். அவற்றுள் 1979-ஆம் வருஷத்து வெற்றி தனிச் சிறப்புடையது: இரண்டாவது வந்தவரைவிட ஆறு சுற்றுகள் முன்னே நின்று, இனிமேல் மெதுவாகப் போனாலும் போதும் என்ற நிலையிலும், கடைசிச் சுற்றிலே பந்தயத்தின் அதிவேகச் சாதனையைச் செய்து முடித்தார். அவருக்கு எதிர்க்கட்சித் தலைவர், கனடாவில் பிறந்த ஆலன் மொஃபட். 1977-இல் மொஃபட்டின் ஃபால்கனும் அவருடைய சகா காலின் பாண்டின் ஃபால்கனும் அருகருகே அணிவகுத்து எல்லைக் கோட்டைக் கடந்த காட்சியை நீலக் கட்சியார் இன்றுவரை படமாக மாட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கட்சிப் பற்று என்பது எவ்வளவு ஆழமானது என்று அறிய, வெற்றிகளைவிட 1980-ஆம் வருஷத்துத் தோல்வியையே பார்க்க வேண்டும். குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த டிக் ஜான்சன், பெரிய ஸ்தாபன பலம் ஏதும் இல்லாமல், இருந்ததையெல்லாம் போட்டு ஒரு நீல நிற ஃபால்கனைத் தயார் செய்து வந்து, பிராக்கையும் பின்தள்ளி முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தார். பதினெட்டாவது சுற்றுக்குள்ளாகவே, மலையேறும் வளைவொன்றில், பழுதுபட்ட காரை ஏற்றிச் செல்லும் லாரி ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்க, மறுபக்கத்தில் ஒரு பாறைக்கல் நடுச்சாலையில் கிடந்தது. ஒதுங்க இடமில்லை. கல்லின்மேல் ஏறிய கார், சுவரில் மோதிச் சிதைந்தது. கல் தானாக உருண்டதா, மேட்டிலிருந்த எவரேனும் உருட்டிவிட்டார்களா என்ற தர்க்கம் பல காலம் நீடித்தது. சற்று நேரத்தில் டெலிவிஷனில் தோன்றிய ஜான்சன், தம் கதை முடிந்துவிட்டது என்று கண் கலங்கிப் பேசியதைத் தேசம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், டெலிவிஷன் நிலையத்தின் டெலிபோன்கள் ஓயாமல் ஒலிக்கலாயின. ஐந்து டாலரும் பத்து டாலருமாக ஜனங்கள் தருவதாகச் சொன்ன தொகை 70,000 டாலரைத் தாண்டியது. ஃபோர்டு குடும்பத்தின் வாரிசும், அப்போது ஆஸ்திரேலியக் கிளையின் அதிகாரிகளுள் ஒருவருமான இரண்டாம் எட்செல் ஃபோர்டு, டாலருக்கு டாலர் கம்பெனியும் தரும் என்று அறிவித்தார். ஜனங்கள் கேட்காமலே கொடுத்தார்கள் என்பதையும், கம்பெனி அதைப் பார்த்த பிறகே கொடுத்தது என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அடுத்த வருஷம் ஜான்சன் மறுபடியும் நீல ஃபால்கனில் வந்து, ஜான் ஃப்ரெஞ்ச் என்பவரோடு சேர்ந்து பாதர்ஸ்டில் வென்றார்.

இத்தகைய அபிமானத்துக்கு அழகற்ற முகமும் உண்டு. 1991-இலும் 1992-இலும் ஜப்பானிய நிஸான் ஸ்கைலைன் மலைக்கு வந்து இரு கட்சியாரையும் வென்றுவிட்டது. அதிலும் 1992-இல், கொட்டும் மழையில் பந்தயம் நிறுத்தப்பட்டபோது, ஜிம் ரிச்சர்ட்ஸ் ஓட்டிய நிஸான் நொறுங்கிக் கிடந்தது. ஜான்சனின் ஃபோர்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் விதிப்படி முந்தைய சுற்றுகளின் நிலையே கணக்கு என்பதால் நிஸானுக்கே கோப்பை என்று தீர்ப்பாயிற்று. மேடையேறிய ரிச்சர்ட்ஸை நோக்கிக் கூட்டம் ஊளையிட்டது; அவரும் பத்திரிகையில் அச்சிடத் தகாத ஒரு சொல்லால் கூட்டத்தை வைதார். அவருடைய சிநேகிதரும் பழைய உலக சாம்பியனுமான டென்னி ஹல்ம், அதே பந்தயத்தில் கார் ஓட்டிக்கொண்டிருக்கையிலேயே மாரடைப்பால் காலமாகியிருந்தார் என்பதை நினைத்தால், அவர் கோபத்தைக் குறை சொல்லத் தோன்றவில்லை. மறு வருஷம் முதல், பிரதானப் பிரிவு ஃபோர்டு, ஹோல்டன் இரண்டின் எட்டு சிலிண்டர் என்ஜின்களுக்கே உரியதாக விதி மாற்றப்பட்டது. ஜனங்களின் கட்சி மனப்பான்மை சட்டமாகவே எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

வீரர்களோ தங்களுக்கு அனுகூலமான பக்கம் போய் வந்துகொண்டிருந்தார்கள். மொஃபட் 1986-இல் பிராக்கின் ஹோல்டன் அணியிலேயே சேர்ந்து ஓட்டினார். பிராக், ஸ்படிகமும் காந்தமும் அடங்கிய ஒரு பெட்டியைப் பொருத்தினால் கார் நன்றாக ஓடும் என்று பிடிவாதம் பிடித்ததில் 1987-இல் ஹோல்டன் அவரோடு உறவை முறித்துக்கொள்ள, சில வருஷங்களில் ஃபோர்டு காரிலேயே ஏறினார். பிராக்கின் சிஷ்யர் என்று கொண்டாடப்பட்ட கிரெய்க் லௌண்ட்ஸ் 2001-இல் ஃபோர்டுக்குப் போனபோது சிவப்புக் கட்சியார் பட்ட வேதனை கொஞ்சமன்று. 2006 செப்டம்பரில் பிராக் ஒரு ராலிப் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி மாண்டார். அடுத்த மாதம் பாதர்ஸ்டில் அவர் பெயரால் அளிக்கப்பட்ட முதற் கோப்பையை, ஜேமி வின்கப் என்பவரோடு ஃபால்கன் ஓட்டி வென்றவர் அதே லௌண்ட்ஸ். அன்று மேடையின் எதிரே அழுதவர்களில் சிவப்பு எது, நீலம் எது என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பிறகு கம்பெனிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டின் கார் உற்பத்தி 2016 அக்டோபர் 7 அன்று, பாதர்ஸ்ட் பந்தயத்துக்குச் சரியாக இரண்டு நாள் முன்பு, நின்றது. ஹோல்டனின் எலிசபெத் தொழிற்சாலை 2017 அக்டோபர் 20 அன்று மூடப்பட்டது. மறைமலை நகரில் அதே ஃபோர்டின் ஆலை ஓய்ந்ததைக் கண்ட நம்மவர்களுக்கு இதன் பொருளை விவரிக்க வேண்டியதில்லை. 2020 பிப்ரவரியில் ஹோல்டன் என்ற பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் விலக்கிக்கொண்டது. 2022-இல் கடைசி முறையாகக் களமிறங்கிய ஹோல்டன் கமடோர், ஷேன் வான் கிஸ்பர்கன், கார்த் டாண்டர் இருவரின் கையில் பாதர்ஸ்டை வென்றுவிட்டே விடைபெற்றது.

2023 முதல் ஃபோர்டு மஸ்டாங்குக்கு எதிராக, அதே ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே கமாரோ நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கார் ஆஸ்திரேலியக் கடைகளில் விற்கப்படுவதே இல்லை, ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஜயித்தாலும் திங்கட்கிழமை விற்பதற்கு ஒன்றும் கிடையாது. பல்லாண்டுகளாக ஹோல்டனின் அதிகாரபூர்வ அணியாக விளங்கிய வாக்கின்ஷா அணி 2023-இல் ஃபோர்டுக்கு மாறி, 2026 முதல் டொயோட்டா சுப்ராவை எடுத்துக்கொண்டிருக்கிறது. சிங்கக் கொடியைத் தகப்பனாரிடமிருந்து பெற்றுக்கொண்ட மகன் இன்று யாரை ஆதரிப்பான் என்று கேட்டால், கமாரோவின் பக்கம் போகலாம், பழைய அணியின் பின்னே டொயோட்டா வரைக்கும் நடக்கலாம், இரண்டும் பிடிக்காவிட்டால் ஃபோர்டைத் தோற்கடிக்கிறவர் எவராயினும் வாழ்க என்று இருந்துவிடலாம். அவர்களில் அதிகம் பேர் இந்த மூன்றாவது மார்க்கத்தையே கைக்கொள்வார்கள் என்பது என் அபிப்பிராயம்.