கட்டம் போடும் கையும் ஸ்டியரிங் பிடிக்கும் கையும்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையை ஒட்டி ஒரு டீக்கடை. கேஸ் டேங்கர் ஓட்டும் அண்ணன் ஒருவர் கேட்டார்: "என்ற பொண்ணு நாள் பூரா கம்ப்யூட்டர்ல வண்டிப் படத்தச் சுத்திக் கட்டம் போடுதுங்க. டிரைவரே இல்லாம லாரி ஓடும்னும் பேசிக்கறாங்க. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா?"

இருக்குதுங்கண்ணா.

லாரி எது, மாடு எது என்று கம்ப்யூட்டருக்குப் பார்த்தவுடன் தெரியாது. லட்சக்கணக்கான படங்களில் மனிதர்கள் கட்டம் போட்டு, 'இது லாரி, இது மாடு, இது சைக்கிளில் போகும் பிள்ளை' என்று குறித்துத் தர வேண்டும். அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகிய பிறகுதான், புதிதாக வரும் படத்திலும் அது லாரியைக் கண்டுகொள்கிறது. டிரைவர் இல்லாத லாரியும் ரோட்டை இப்படித்தான் பார்க்கப் பழகுகிறது. அமெரிக்காவில் ஃபெய்ஃபெய் லி குழுவினர் 2009இல் வெளியிட்ட 'இமேஜ்நெட்' தொகுப்பு, பின்னாளில் 1 கோடியே 40 லட்சம் படங்களாக வளர்ந்தது. இணையம் வழியாகக் கூலிக்கு வந்தவர்கள்தான் அவற்றை வகை பிரித்தார்கள். 2008இல் தொடங்கிய நெக்ஸ்ட்வெல்த் நிறுவனம் அத்தகைய வேலையைச் சேலத்துக்கும் மல்லசமுத்திரத்துக்கும் கொண்டுவந்தது. நம் ஊர்ப் பட்டதாரிகள், பெண்கள் பலர் உட்பட, உள்ளூரிலேயே சம்பளம் பார்ப்பது நல்ல செய்திதான்.

அப்படியானால் உங்கள் வேலை? அமெரிக்காவில் டல்லாஸ்–ஹூஸ்டன் சாலையில் அரோரா நிறுவனம் 2025இல் ஓட்டுநர் இல்லாத சரக்கு லாரியை விட்டது. சில வாரங்களிலேயே, லாரி தயாரித்த நிறுவனம் கேட்டதால், ஓட்டுநர் இருக்கையில் மறுபடி ஆளை உட்கார வைத்தது. இங்கே, ஓட்டுநர்களின் வேலை போகும் என்பதால் ஓட்டுநரில்லா வண்டியை அனுமதிக்க மாட்டேன் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் 2023இலும் சொன்னார். ஆக, கருவி தயாராகிவிட்டாலும் அதை ரோட்டில் விடுவதா வேண்டாமா என்று மனிதர்கள்தான் முடிவெடுக்கிறார்கள். அரசியல் என்பது அதுதான். ஆனால் அமைச்சர் வாக்கு சட்டம் ஆகிவிடாது.

டிரைவர் இல்லாத லாரி வருவதற்கு முன்பே உங்கள் கேபினுக்கு வருவது கேமரா. கண் சொக்கினால், போனை எடுத்தால் அது சத்தம் போடும். உயிரைக் காக்கும் கருவி, வேண்டியதுதான். அதே பதிவை வைத்துச் சம்பளத்தில் பிடித்தால்? 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனக்கு இழப்பு வராமல் தடுக்க முதலாளி தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே அவருடைய தரவைக் கையாள இடம் கொடுக்கிறது. தூக்கம் வந்ததைக் கேமரா பதிவு செய்யும். ஓய்வில்லாமல் அடுத்த லோடுக்கு அனுப்பியது யார் என்பது அதில் பதிவாகாது.

விதி எழுதும்போதே பேச வேண்டும் என்பது நாமக்கல்லுக்குத் தெரியாததல்ல. எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளை எதிர்த்து 2025 மார்ச்சில் கேஸ் டேங்கர் உரிமையாளர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். கென்யாவின் நைரோபியில் 2023 மே மாதம், இணையப் பதிவுகளைத் தணிக்கை செய்யும் வேலையிலும் செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு குறிக்கும் வேலையிலும் இருந்த 150க்கும் மேற்பட்டவர்கள் கூடி, சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். முன்னவர்கள் வண்டிக்குச் சொந்தக்காரர்கள். பின்னவர்கள் உங்கள் மகளைப் போல மாதச் சம்பளக்காரர்கள்.

நீங்களும் மகளும் கேட்க வேண்டியவை மூன்று. கேமராப் பதிவு யாரிடம், எத்தனை நாள் இருக்கும்? அதை வைத்துத் தண்டிக்கும் முன் என் பக்கத்தைச் சொல்ல இடம் உண்டா? நான் கட்டம் போட்டுப் பழக்கிய இயந்திரமே நாளை கட்டம் போடத் தொடங்கினால், எனக்கு வேறு வேலையும் பயிற்சியும் தருவீர்களா? முதலாளியிடம் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். தனியாகக் கேட்டால் வேலை போய்விடும் என்று பயம் வரும். அதனால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.